அஞ்சடிக்கு இடம் விட்டு பிளான் போடுங்கள்

நம்மில் பலர் வீட்டு பிளான் போடுவதே தீபாவளிக்கு வருகிற விருந்தாளிகளை மனத்தில் வைத்துத்தான். ஹால் எவ்வளவு பெரிசு, சோபா எந்தப் பக்கம், டிவி எத்தனை இஞ்சு என்று பேச்சு தொடங்கும், அங்கேயே முடிந்தும் போகும். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், ஈரத் துணியை எங்கே போடுவார், சாயங்காலம் எங்கே போய் உட்காருவார் என்று யாரும் கேட்பதில்லை. நான் சிரம்பானில் வீட்டு பிளான் வரைகிற தொழிலில் இருக்கிறேன். என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர்கள், இல்லையென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். அவர்களை நினைத்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரந்தாவ் லின்சம், லாபு கெர்பி, போர்ட்டிக்சன் சுங்காலா, பகாவ் கெட்டிஸ், ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலான் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் இன்னமும் படிக்கலாம். அந்தத் தோட்டங்களின் லயத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது அதைச் சொர்க்கம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஓர் அறை, பின்னால் புகை அடைந்த குசினி, தள்ளிப் போய்ப் பொதுக் கக்கூஸ், வரிசையில் நின்று பிடிக்கிற பைப்புத் தண்ணீர் என்று தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் பட்ட பாடு அது. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் இது என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் பல லயங்கள் அப்படியே கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் அந்த நெருக்கடிக்குள்ளும் லயத்து வீடு அதில் இருந்தவர்களின் நாளோடு ஒத்துப்போனது. ரப்பர்ப் பால் வெட்டுகிறவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால், மற்றவர் தூக்கம் கலையாமல் குசினியில் விளக்குப் போட்டு, கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டைச் செய்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போக முடிந்தது. மத்தியானம் பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டு வரும்போது உடம்பெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம், கால் முட்டி வரை சேறு. யாரும் முன்வாசல் வழியாக உள்ளே வரமாட்டார்கள். பின்பக்கமாகப் போய், வேலைத் துணியை வெளியிலேயே கழற்றிக் கொடியில் போட்டு, குளித்து, துவைத்த துணி கட்டிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார்கள். சாயங்காலம் அஞ்சடியில், அதாவது வீட்டு முன்பக்கத்துத் தாழ்வாரத்தில், உட்கார்ந்தால் லயமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கலாம், கீரை ஆயலாம், பக்கத்து வீட்டு அக்காவோடு பேசலாம். வீட்டுக்குள் இடமில்லாத குறையை முன்னால் அஞ்சடியும் பின்னால் குளிக்கிற இடமும் தீர்த்து வைத்தன.

அந்தக் குடும்பங்கள் இன்று வாங்குகிற வீடு பெரும்பாலும் தாமானில் 20க்கு 65 டேரஸ் வீடு. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் மாதிரி இடங்களைச் சுற்றிப் பாருங்கள், ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண்தான். 20 அடி அகலம், 65 அடி நீளம். முன்னால் ஏறக்குறைய 20 அடி கார் நிறுத்த, நடுவில் 35 அடி வீடு, பின்னால் 10 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச் சுவர். மேம்பாட்டாளர் கொடுக்கிற பிளான் எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் அஞ்சடி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. பின்னால் குளித்துவிட்டு நுழைகிற வழியும் கிடையாது.

ரந்தாவ் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பிளான் காட்டப் போயிருந்தேன். மகள் செனவாங்கில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், அம்மா பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் ஒன்றாக்கி, சுவரை எடுத்து, முன்பக்கம் வரை ஹாலை இழுத்துவிட வேண்டும் என்பது மகளின் ஆசை. நான் தாளை விரித்து ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரை அம்மா வாயே திறக்கவில்லை. அப்புறம் கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் எங்க குந்துறது?”

“ஹால்ல இவ்ளோ பெரிய சோபா போடப் போறோமேம்மா,” என்றார் மகள்.

“சோபால குந்துனா ரோட்டுல யாரு போறா வர்றான்னு தெரியுமா?”

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வரைந்த எந்த பிளானிலும் முன்பக்கத்தைத்தான் முதலில் அளக்கிறேன். கணக்கைப் பாருங்கள். நம் ஆட்களில் பல பேர் வைத்திருக்கிற பெரோடுவா மைவி 3.9 மீட்டர் நீளம், அதாவது 13 அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்பக்கம் 20 அடி இருந்தால் காரை நிறுத்திய பிறகும் 7 அடி மிச்சம். வீட்டுச் சுவரை ஒட்டி 5 அடிக்கு ஒரு படி உயர்த்தி, வீட்டின் அகலம் முழுக்க அஞ்சடி போடலாம். மீதி 2 அடி காருக்கும் கேட்டுக்கும் மூச்சுவிட. கேட்டு மட்டும் உள்பக்கம் திறக்காமல் இழுத்துத் தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும். ஹைலக்ஸ் மாதிரி 17 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி என்றால் இது நடக்காது. அப்போது 20 அடி அகலத்தில் வண்டிக்கு ஒரு பக்கம் 11 அடி விட்டு, மறுபக்கம் ஹால் ஜன்னலுக்கு முன்னால் திண்ணை மாதிரி எடுக்கலாம். அந்த அம்மாவுக்கு முதல் வகைதான் அமைந்தது. ஹாலை முன்னால் இழுக்கவில்லை. மகளும் ஒப்புக்கொண்டார்.

முன்பக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது வீண் என்று சொல்கிறவர்கள் இந்த மாநிலத்தின் பழைய மலாய் வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். கோலப்பிலா பக்கம் ஸ்ரீமெனாந்தியில் 1902 தொடங்கி 1908 வரை ஆணி இல்லாமல் மரத்தாலேயே கட்டிய பழைய அரண்மனை நிற்கிறது. அரண்மனையை விடுங்கள், சாதாரண மினாங்கபாவ் வீட்டிலும் முன்னால் நீளமாக செராம்பி இருக்கும். வந்தவர்களை உட்கார வைப்பது, சாயங்காலக் காற்று வாங்குவது எல்லாம் அங்கேதான். இந்த வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்த பிளான் அது. நம் லயத்து அஞ்சடியும் அதே வேலையைத்தான் செய்தது.

அஞ்சடி போனால் வேறு என்னென்ன போகும் என்பதற்கு டெங்கிலைப் பார்க்கலாம். புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களில் இருந்த குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் தரைவீடு கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். கட்டடத்தில் விழுந்த விரிசல் மட்டும் அதற்குக் காரணமில்லை. தரையில் கால் வைத்து வாழ்ந்தவர்களின் நாளுக்கும் மாடிவீட்டு பிளானுக்கும் ஒட்டவே இல்லை.

இனி பின்பக்கம். கைக்குக் கொஞ்சம் காசு வந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது பின்னால் இருக்கிற 10 அடியையும் கூரை போட்டு மூடி, குசினியை எல்லைச் சுவர் வரை இழுப்பது. சமைக்க இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் டேரஸ் வீட்டில் வெளிச்சமும் காற்றும் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வரும். பின்பக்கத்தை மூடினால் நடு அறையின் ஜன்னல் குசினிக்குள் திறக்கும். அந்த அறையில் படுக்கிற பிள்ளைக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டும், சாம்பார் தாளித்தால் தலையணையில் வாசம் அடிக்கும். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களை நாங்கள் யூபிபிஎல் என்போம். மனிதர் புழங்குகிற அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும், தடையில்லாமல் காற்று வருகிற திறப்பு 5 விழுக்காடாவது வேண்டும் என்று அது சொல்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு 10 சதுர அடி ஜன்னல், 5 சதுர அடி காற்று. தள்ளுகிற ஜன்னல் பாதிதான் திறக்கும், நாக்கோ ஜன்னல் ஏறக்குறைய முழுசாகத் திறக்கும். ஜன்னல் வாங்கும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

அதே சட்டத்தில் அறைகளுக்கும் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. முதல் அறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவது அறைக்கு 9.3, மற்ற அறைகளுக்கு 6.5, குசினிக்கு 4.5. அந்த 9.3 சதுர மீட்டரை அடிக்கணக்கில் மாற்றினால் சரியாக 100 சதுர அடி வருகிறது. ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்த லயத்து அறையின் அளவு அது. இன்று ஒரு வீட்டின் இரண்டாவது அறைக்கே அதற்குக் கீழே போகக்கூடாது என்கிறது சட்டம்.

பின்னால் 10 அடி இருந்தால் நான் இப்படித்தான் பிரிக்கச் சொல்வேன். பாதி அகலத்துக்கு வெட் கிச்சன், மீதிப் பாதி நடு அறை ஜன்னலுக்கு நேராக, வானம் தெரிகிற மாதிரி திறந்தே இருக்கட்டும். திறந்த பக்கத்தில் ஒரு குழாயும், கை கால் கழுவ ஒரு சிமெண்டு மேடையும், பின்கதவை ஒட்டிக் குளியலறையும் போட்டுவிடுங்கள். இன்று நம் வீட்டில் பால் வெட்டுகிறவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் செம்பனைக் காய் வெட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், பட்டறையில் வேலை செய்கிறவர், பந்து விளையாடிவிட்டுச் சேற்றோடு வருகிற பையன் இருக்கிறார்கள். அழுக்கு ஹால் வழியாக வராமல் பின்வாசல் வழியாகவே வந்து கழுவிப் போகட்டும். அங்கேயே, மழைச்சாரல் படாத ஓரமாக, ஒரு கொடிக்கு இடம் வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானம் மூன்று மணி ஆனால் மழை கொட்டுகிற ஊர் இது. பல வீடுகளில் துணி காய்கிற இடம் ஹால் நாற்காலிதான், ஏனென்றால் பிளானில் துணிக்கு யாரும் இடம் வைக்கவில்லை.

குசினி பற்றி இன்னும் ஒன்று. கேஸ் தோம்பைக் கேபினட்டுக்குள் வைத்துக் கதவு போட்டு மூடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். தோம்பு வெளிச்சுவரை ஒட்டி இருக்கட்டும், சுவரின் அடியில் காற்றோட்டத் துவாரம் இருக்கட்டும். மேடையின் உயரத்தையும் சமைக்கிறவரைப் பக்கத்தில் நிற்க வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். குட்டையாக இருக்கிற அம்மாவுக்கு 36 இஞ்சு மேடை போட்டுக் கொடுத்தால் தோள்பட்டை வலி வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் இருக்கிற வீடுகளுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளுக்கும் சிப்பாங் விமான நிலையத்துக்கும் இராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் நம் தாமான்களில் நிறைய. காலையில் வந்து படுப்பவருக்கு ஹாலை ஒட்டிய அறையைக் கொடுத்தால் டிவிச் சத்தமும் கதவுச் சத்தமும் தூங்கவிடாது. பெரிய அறைதான் வேண்டும் என்று பார்க்காதீர்கள், சத்தம் குறைந்த அறையைக் கொடுங்கள். நடு அறை பல நேரம் இதற்கு ஒத்துவரும். தடித்த திரை போட்டால் பகலை இருட்டாக்கிவிடலாம், திரைக்குப் பின்னால் காற்று மட்டும் இருக்க வேண்டும்.

வெயில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாம் பூமத்தியரேகைக்கு இரண்டரை, மூன்று பாகைக்குள் இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் பெரிதாகச் சுடாது, வருஷம் முழுக்க அடி வாங்குவது மேற்குச் சுவர். மத்தியானம் குடித்த சூட்டைச் செங்கல் இராத்திரி பத்து மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மேற்குப் பார்த்த வீடு வாங்கினால் முன் அறையில் வயசானவர்களைப் படுக்க வைக்காதீர்கள். அஞ்சடிக்கு மேல் கூரையைக் கொஞ்சம் தாழ்வாக இறக்கினால் சாயங்கால வெயில் சுவரில் விழுவதே பாதியாகக் குறையும்.

வயசானவர்கள் என்றதும் மாடிவீடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. கீழே ஹாலும் குசினியும், மேலே மூன்று அறையும் இருக்கிற வீட்டை ஆசையாக வாங்கிவிட்டு, முட்டிவலிக்கார அப்பாவை ஹாலில் மெத்தை போட்டுப் படுக்க வைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. கீழே ஒரு சின்ன அறை, அதை ஒட்டிக் குளியலறை, இது இல்லாத மாடிவீட்டை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் குளியலறைக் கதவை 3 அடிக்கு வையுங்கள். வழக்கமாகப் போடுகிற இரண்டரை அடிக் கதவில் சக்கர நாற்காலி நுழையும்போது கை இடிக்கும். உள்ளே 5 அடி வட்டம் இருந்தால்தான் நாற்காலியைத் திருப்ப முடியும். தரையில் படியே வேண்டாம், சாய்வு மட்டும் போதும்.

பிளான் போடும்போது வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். நம் வீடுகளில் சாவு வீட்டிலேயேதான் நடக்கிறது. பெட்டியை ஹாலில் வைத்து, சுற்றி உறவுகள் உட்கார்ந்து, சடங்கு முடித்து, முன்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஹாலுக்கும் வாசலுக்கும் நடுவில் அலங்காரச் சுவர் எழுப்பி வழியை வளைத்த வீடுகளில், அந்த நேரத்தில் தூக்குகிறவர்கள் திரும்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹாலிலிருந்து வாசலுக்கு வழி நேராக இருக்கட்டும், நகர்த்த முடியாத பொருள் எதையும் அந்த வழியில் கட்டாதீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அதே நேர்வழிதான் உதவும்.

பூஜை இடத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் வடகிழக்கு என்பார்கள், டேரஸ் வீட்டில் அது எப்போதும் கிடைக்காது. கக்கூஸ் சுவரை ஒட்டாமல், படிக்கட்டுக்கு அடியில் இல்லாமல், விளக்கு ஏற்றினால் புகை வெளியே போகிற இடமாகப் பாருங்கள். ஒரு திசைக்காக நல்ல காற்று வருகிற ஜன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

பிளான் தாளைப் பார்த்து இடம் புரியவில்லை என்று பலர் சொல்வார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பேட்மிண்டன் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். டேரஸ் வீட்டின் அகலமும் 20 அடி. வீட்டின் 35 அடியையும் பின்பக்கத்து 10 அடியையும் சேர்த்தால் 45 அடி, ஏறக்குறைய கோர்ட்டின் நீளமேதான். தோட்டத்திலோ தாமானிலோ கோர்ட் இல்லாத ஊர் கிடையாது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சாக்கட்டியும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போங்கள். சுவர் வருகிற இடத்தில் எல்லாம் கோடு போடுங்கள், சுவரின் கனத்துக்கு அரையடி விடுங்கள். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் வீட்டில் அளந்து கொண்டுபோய் அங்கே வரைந்துவிடுங்கள். பிறகு காலை எழுவது முதல் இராத்திரி படுப்பது வரை ஒவ்வொருவரும் தன் நாளை அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்க்கட்டும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே 2 அடிகூட இல்லை என்பது தாளில் தெரியாது, நடந்தால் உடனே தெரியும். அம்மா எங்கே நிற்கிறார், யார் மேல் யார் இடிக்கிறார் என்று பாருங்கள்.

சுவரை இடிப்பதற்கு முன் கடைசியாக ஒரு வார்த்தை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டை மாற்றிக் கட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். சிரம்பான், நீலாய்ப் பக்கம் என்றால் சிரம்பான் மாநகர் மன்றம், மற்ற இடங்களுக்கு அந்தந்த ஊராட்சி மன்றம். பின்னால் எத்தனை அடி விட வேண்டும், முன்னால் கூரையை எதுவரை நீட்டலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்வார்கள், வீட்டை விற்கும்போதும் சிக்கல் வரும். கண்ட்ராக்டர் “எல்லாரும் இப்படித்தான் கட்றாங்க” என்று சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளை முதலில் வீட்டில் நாள் முழுவதும் இருக்கிறவரிடம் காட்டுங்கள். அவர் உட்காருகிற இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.